இனிப்பு வேண்டாம் என்றேன்

அறைக்குள்ளிருந்து குறட்டைச் சத்தம் கேட்டது.

காதில் ஹெட்போன் மாட்டியிருந்த ஒலிப்பதிவாளர் கையை உயர்த்தினார். இயக்குநர் கமராவை நிறுத்தச் சொன்னார். என் வாய்க்குள் ஒரு கரண்டி பாயாசம் இருந்தது. காலடியில் வைத்திருந்த வாளிக்குள் குனிந்து துப்பிவிட்டு நிமிர்ந்தேன்.

"பாலன் அண்ணை நல்ல நித்திரை போல," என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒருவர் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். சத்தம் அடங்கியது. நான் அடுத்த கரண்டியை அள்ளினேன்.

வட்டுக்கோட்டையில் ஒரு பழைய கல்வீடு. பைக்கற் பாயாச மாவுக்கு விளம்பரம். இந்தத் தொடரில் இதுவரை எழுதியவை எல்லாம் யாராவது கேட்டால் நானாகவே சொல்லுகிற கதைகள். இதை இரண்டு பேருக்கு மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். அதுவும் ஒரே நாளில்.

விளம்பரப் புருஷன்

சிவபாலன் என்பது பெயர். எங்களுக்குப் பாலன் அண்ணை. சுன்னாகத்து மனிதர். கூட்டுறவுக் கடையொன்றில் முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். கோயில் திருவிழா நாடகங்களில் அரசன் வேடம் கட்டிப் பழகிய குரல். கொழும்பிலிருந்து விளம்பரம் எடுக்க வருகிறவர்களுக்கு யாழ்ப்பாணத்து அப்பா ஒருவர் தேவைப்பட்டால் அவரைத் தேடுவார்கள். அம்மா தேவைப்பட்டால் என்னை.

அப்படி மூன்று விளம்பரங்களில் நாங்கள் கணவன் மனைவி. ஒன்று தேயிலை, ஒன்று சுவருக்குப் பூசுகிற பெயின்ற், ஒன்று பிஸ்கற். நான் குருநகர் வேதக்காரி. படப்பிடிப்பில் கழுத்துச் சிலுவையைக் கழற்றி வைத்துவிட்டுத் தாலிக்கொடி போட்டுக்கொள்வேன். என்னுடைய மனுசன் கடலுக்குப் போய்த் திரும்பாமல் எத்தனையோ வருடங்கள். சுன்னாகம் சந்தையில் வெங்காயம் விற்கிறவர்கள் என்னைக் கண்டால், அண்ணையைக் கூட்டிக்கொண்டு வரவில்லையா என்று கேட்பார்கள்.

இதை ஒருநாள் அவருடைய உண்மையான மனைவி தவமணி அக்காவிடம் சொன்னேன். "கொண்டு போங்கோ. ஒரு கிழமை வைச்சிருந்து பாருங்கோ, நீங்களே கொண்டுவந்து விடுவியள்," என்றார்.

வெறும் கோப்பை

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தேவாலயப் பங்கில் நான் முதன்முதல் நடித்தது, இயேசு தண்ணீரை இரசமாக்கிய கானாவூர்க் கலியாண நாடகம். பந்திக் காட்சியில் வெறும் சாப்பாட்டுக் கோப்பையில் கையை வைத்து அள்ளி அள்ளிச் சாப்பிட வேண்டும். பிறகு யுத்தத்தில் இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது அங்கும் அதைப் போட்டோம். முன்னால் இருந்த ஒரு சிறுமி எழுந்து நின்று, என் கோப்பைக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் திரும்பவும் இருந்துகொண்டாள். அதற்குப் பிறகு அந்தக் காட்சியில் எனக்குக் கை ஓடவேயில்லை.

விளம்பரத்தில் வெறும் கோப்பை கிடையாது. உண்மையான சாப்பாட்டை முப்பது தரம், நாற்பது தரம் வாயில் வைக்க வேண்டும். விழுங்கினால் வயிறு தாங்காது. கமரா நின்றதும் துப்புவதற்கு ஒரு வாளி வைத்திருப்பார்கள்.

எனக்கு வாளி பழகிவிட்டது. பாலன் அண்ணைக்குப் பழகவில்லை. சாப்பாட்டைத் துப்புவது பாவம் என்பார். பிஸ்கற் விளம்பரத்தன்று எல்லாவற்றையும் விழுங்கினார். அதற்குப் பிறகு இரண்டு நாள் பாயை விட்டு எழும்பவில்லை என்று கேள்விப்பட்டேன். ஏன் என்று எனக்கு அப்போது தெரியாது.

படலையில் தந்த பை

பாயாச விளம்பரத்தன்று காலை வான் என்னைக் குருநகரில் ஏற்றிக்கொண்டு சுன்னாகம் போனது. தவமணி அக்கா வாசல் படலைக்கு வந்தார். அவருக்கு ஒரு கண்ணில் வெண்புரை. சத்திரசிகிச்சைக்குத் தவணை நாள் கிடைக்கக் காத்திருந்தார். தலையைச் சரித்து நல்ல கண்ணால் என்னைப் பார்த்து, ஒரு சின்னப் பையைக் கையில் தந்தார். உள்ளே ஒரு பைக்கற் பிஸ்கற்றும் இரண்டு வாழைப்பழமும்.

"நேரத்துக்குச் சாப்பிட வையுங்கோ. கதைச்சுக்கொண்டிருந்தா மறந்துபோவார்."

எந்தப் பெண்சாதியும் சொல்லுகிற சொல் என்றுதான் எடுத்துக்கொண்டேன். பையை வானின் பின்சீட்டில் வைத்தேன். எங்களை வட்டுக்கோட்டையில் இறக்கிவிட்ட வான், லைற் சாமான் எடுக்க யாழ்ப்பாணம் திரும்பியது. பையும் அதோடு போய்விட்டது.

எட்டு மணிக்கெல்லாம் எங்களுக்கு ஒப்பனை முடிந்துவிட்டது. அவருக்குப் பட்டு வேட்டி, சந்தனப் பொட்டு. எனக்கு மாம்பழ நிறச் சேலை. ஒப்பனைக்கு வந்த சாந்தினி என் வயதுக்காரி. நல்லூரில் சிறிய அழகு நிலையம் வைத்திருப்பவள். இயக்குநர் கொழும்பில் வளர்ந்த தமிழர், முப்பது வயது இருக்கும். மரியாதையான மனிதர். அவர் மேல் எனக்கு இன்றும் ஒரு குறையும் இல்லை.

பத்து மணியளவில் அவர் வந்து, இன்னும் அரை மணித்தியாலத்தில் சாப்பிடும் காட்சியைத் தொடங்கலாம், குறைந்தது முப்பது தடவையாவது எடுக்க வேண்டிவரும் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் சேலைக்குக் குத்துகிற பின் ஒன்று எடுக்கப் பின்னால் இருந்த அறைக்குப் போனேன்.

பாலன் அண்ணை கட்டிலில் இருந்து, சால்வையை ஒதுக்கி, வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்.

என்னைக் கண்டு அவர் மறைக்கவில்லை. பத்து வருடமாகச் சீனி வருத்தம் என்றார். காலையில் தவமணி அக்கா வழமையான அளவு இன்சுலினைப் போட்டுத்தான் அனுப்பியிருக்கிறார். இது இரண்டாவது ஊசி. இன்றைக்கு இவ்வளவு பாயாசம் உள்ளே போகப்போகிறதே, பிஸ்கற் விளம்பரத்துக்குப் பிறகு படுத்தது போலப் படுக்கக் கூடாதே என்று முன்கூட்டியே போடுகிறாராம். டொக்டரைக் கேட்டீர்களா என்றேன். பத்து வருடமாகப் போடுகிறவனுக்குத் தெரியாதா என்று சிரித்தார்.

பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார். "ரெஜினா, ஒருத்தருக்கும் சொல்லாதையும். முந்தி ஒரு இடத்திலை வருத்தத்தைச் சொன்னனான். அதோடை கூப்பிடுறதை விட்டிட்டினம். தவத்துக்கும் சொல்ல வேண்டாம். பயந்துபோவாள்."

"சரி அண்ணை," என்றேன்.

வெயிலுக்குக் காத்திருந்தது

அரை மணித்தியாலத்தில் தொடங்கவில்லை. வானம் மூடிவிட்டது. முற்றத்தில் வெயில் விழ வேண்டும் என்று காத்திருந்தோம். பன்னிரண்டு மணிக்குப் பிறகு வெயில் வந்து, மூன்று தடவை எடுத்தார்கள். விழுங்கும்போது தொண்டை அசைவது படத்தில் நன்றாக இல்லை, கட்டாயம் துப்ப வேண்டும் என்று இயக்குநர் சொல்லிவிட்டார். அதனால் அன்று பாலன் அண்ணையும் துப்பினார். அவர் ஊசி போட்டது எந்தப் பாயாசத்துக்காகவோ, அது அவர் வயிற்றுக்குள் போகவேயில்லை.

அதன் பிறகு கம்பனிக்காரர் போனில் படத்தைப் பார்த்துவிட்டு, பாயாசத்தின் நிறம் பைக்கற்றில் உள்ளதுபோல் இல்லை என்றார். மறுபடியும் காய்ச்சத் தொடங்கினார்கள். மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல்கள் விறாந்தையில் அடுக்கியிருந்தன. மீன்குழம்பு மணந்தது. மாற்று வேட்டி இல்லை, கறை பட்டால் கரைச்சல், இந்தக் காட்சி முடிந்ததும் சாப்பிடுவோம் என்று முடிவாயிற்று. கேட்டிருந்தால் தந்திருப்பார்கள். நான் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

இரண்டு மணியாகும்போது அவருக்கு வேர்க்கத் தொடங்கியது. சாந்தினி துடைத்துப் பவுடர் போட்டாள். போடப் போட நெற்றியில் துளிர்த்தது. கரண்டி பிடித்த கை நடுங்கியது. இயக்குநர் அதைத் திரையில் பார்த்துவிட்டு, வயதானவரின் கை இயல்பாக இருக்கிறது, அப்படியே வைத்திருங்கள் என்றார்.

பாலன் அண்ணைக்கு ஒரே ஒரு வசனம். 'உம்முடைய கைப்பக்குவம் மாதிரியே இருக்கு.' பக்கம் பக்கமாக அரச வசனம் பேசியவர், "உம்முடைய, உம்முடைய" என்று அதிலேயே நின்றார். லைற் பிடித்தவரைக் காரணமில்லாமல் ஏசினார். அவர் ஒருவரையும் ஏசி நான் கண்டதில்லை. பிறகு என்னைப் பார்த்து, "தவம், வீட்டை போவம்," என்றார். நாடகம் முற்றிவிட்டது என்று சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

சாந்தினி சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு கிளாசில் செம்மஞ்சள் நிறத் தோடம்பழச் சோடா ஊற்றிக்கொண்டு வந்தாள்.

"அண்ணை வந்ததிலை இருந்து ஒண்டும் சாப்பிடேல்லை. இதைக் கொஞ்சம் குடியுங்கோ."

நான் கையை நீட்டி மறித்தேன். "அவருக்கு இனிப்பு வேண்டாம்."

"ஏன் அக்கா? ஆள் சோர்ந்துபோனார்."

"வேண்டாமெண்டா வேண்டாம். தண்ணி குடுங்கோ."

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சீனி வருத்தக்காரருக்கு இனிப்பு நஞ்சு. எங்கள் வீட்டு ஒழுங்கையில் அப்படித்தான் ஒருவர் கால்விரலை இழந்தார். வாயில் வைத்துத் துப்பிய பாயாசத்தில் கொஞ்சம் உள்ளே இறங்கி அவரை வாட்டுகிறது என்று நினைத்தேன். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் உடம்பில் சீனி இறங்கிப்போகும், அப்போது ஒரு வாய் இனிப்புத்தான் மருந்து என்பதை அந்த வயதுவரை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்டதில்லை.

சாந்தினி என் முகத்தைப் பார்த்தாள். ஏன் என்று நான் சொல்லவில்லை, வாக்குக் கொடுத்திருந்தேன். பாலன் அண்ணையின் கை சோடாக் கிளாசை நோக்கி நீண்டது. நான் அந்தக் கையில் தண்ணீரை வைத்தேன். அவர் அதைக் குடித்து முடித்தார். சாந்தினி சோடாவை யன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

கொஞ்ச நேரம் படுத்து எழும்பட்டும், அதற்குள் ரெஜினா அக்காவைத் தனியாகப் படம் எடுத்துவிடலாம் என்றார் இயக்குநர். நானே அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்ப் பின் அறைக் கட்டிலில் விட்டேன். சேலை கசங்கிவிடுமே என்று கொஞ்சம் தள்ளி நின்றுதான் பிடித்தேன்.

அதன் பிறகுதான் அந்தக் குறட்டை.

கதவு திறந்தபோது

கதவைச் சாத்திய பிறகும் ஒரு மணித்தியாலம் எடுத்தோம். கரண்டி, சிரிப்பு, வாளி. அன்று நான் நன்றாக நடித்ததாக எல்லோரும் சொன்னார்கள்.

முடிந்ததும் சாந்தினி ஒரு சாப்பாட்டுப் பார்சலோடு அவரை எழுப்பப் போனாள். உள்ளே இருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். குரல் உயரவில்லை. அந்தக் குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

தலையணை பிழியலாம் போல நனைந்திருந்தது. வாய் ஒரு பக்கம் திறந்திருந்தது. கன்னத்தில் தட்டினோம். அசைவில்லை. மூச்சு மட்டும் பெரிதாக இழுத்து இழுத்து வந்தது.

"அவருக்குச் சீனி வருத்தம். ஊசி போடுறவர்," என்றேன்.

சாந்தினி ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு குசினிக்கு ஓடி ஒரு பிடி சீனி அள்ளிவந்து, விரலால் அவருடைய பல் முரசில் தேய்த்தாள். வான் திரும்பி வந்து வாசலில் நின்றது. தூக்கி ஏற்றினோம். பின்சீட்டில் தவமணி அக்காவின் பை அப்படியே இருந்தது. அவரைக் கிடத்துவதற்காக நான் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் விரலில் குத்திப் பார்த்த உடனேயே கையில் மருந்து ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் செய்ய வேண்டியதில் ஒரு நிமிடமும் பிந்தவில்லை. பிந்தியது நாங்கள்.

தவமணி அக்கா ஓட்டோவில் வந்து இறங்கினார். எவ்வளவு இன்சுலின் போட்டீர்கள் என்று டொக்டர் கேட்டார். வழமையான அளவைச் சொன்னார். அளவைச் சரியாகப் பார்த்துத்தான் எடுத்தீர்களா என்று டொக்டர் மறுபடி கேட்டார். அவர் ஏசவில்லை, கேட்டார்.

தவமணி அக்கா தன் கைகளைப் பார்த்தார். "எனக்கு ஒரு கண் வடிவாத் தெரியாது," என்றார். பிறகு அழத் தொடங்கினார்.

நான் இரண்டு முழத் தூரத்தில் நின்றேன். இரண்டாவது ஊசியைப் பற்றி நான் சொல்லவில்லை. சீனி ஏற்றுகிறார்கள்தானே, இனிச் சொல்லி என்ன என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அவருக்குக் கொடுத்த வாக்கு என்றும் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. ஊசியைச் சொன்னால், தெரிந்திருந்தும் நீ என்ன செய்தாய் என்று கேட்பார்கள். சோடாவையும் சொல்ல வேண்டிவரும்.

வெளியே மர வாங்கில் சாந்தினி இருந்தாள். தன் தகப்பனும் இப்படித்தான் வேர்த்து விழுகிறவர் என்றாள். "வருத்தத்தின்ரை பேரை ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா எனக்கு விளங்கியிருக்கும் அக்கா," என்றாள். அதற்குமேல் அவள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. யாரிடமும் என்னைப் பற்றிக் கதைக்கவும் இல்லை.

அதே முற்றம்

மூன்றாம் நாள் பாலன் அண்ணை கண் விழித்தார். மூளைக்கு நெடுநேரம் சீனி போகவில்லை என்றும், போனது முழுதாகத் திரும்பாது என்றும் சொன்னார்கள். கை கால் வந்தது. சாப்பிடுவார், நடப்பார். தவமணி அக்காவைத் தெரியும். மற்றவர்கள் எல்லோரும் அவருக்கு வீட்டுக்கு வந்த விருந்தாளிகள். மூன்று சொல்லுக்கு மேல் ஒரு பேச்சை மனதில் நிறுத்த முடியாது.

இரண்டு கிழமையில் விளம்பரத்துக்குத் திரும்பவும் என்னைக் கூப்பிட்டார்கள். அப்பாவாக வேறொருவர். நான் மறுத்திருக்கலாம். மறுத்தால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள் என்று போனேன். அதே வீடு, அதே முற்றம். அன்று விடியத் தொடக்கம் நல்ல வெயில். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. எல்லோரும் நேரத்துக்குச் சாப்பிட்டோம். தொலைக்காட்சியில் நீங்கள் பார்த்தது அதைத்தான்.

தவமணி அக்கா

மாதம் ஒருமுறை பழங்கள் வாங்கிக்கொண்டு சுன்னாகம் போவேன். ஆறு மாதம் அப்படிப் போனேன். ஒவ்வொரு முறையும் சொல்ல நினைத்துக்கொண்டு போய், சொல்லாமல் வந்தேன்.

ஏழாவது மாதம் தவமணி அக்காவே கதையைத் தொடங்கினார். கண் சத்திரசிகிச்சைக்குத் தவணை வந்ததாம், போகவில்லையாம். ஏன் என்றேன்.

"இனி என்னத்தைப் பாக்க," என்றார். கனடாவில் இருக்கும் மகள் தன்னோடு கதைப்பதில்லை என்றும் சொன்னார். தகப்பனோடு மட்டும்தான் கதைப்பாளாம். "கண் தெரியாட்டி ஏன் ஊசியைத் தொட்டனியள் எண்டு கேட்டவள். அவள் கேட்டது சரிதானே, ரெஜினா."

நான் சொன்னேன். பின் அறையில் கண்டதிலிருந்து யன்னல் விளிம்பில் வைத்த சோடா வரை எல்லாவற்றையும் சொன்னேன். அழாமல் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். அப்படியே சொல்லி முடித்தேன்.

அவர் மடியில் கிடந்த, நான் கொண்டுபோன தோடம்பழம் ஒன்றை எடுத்துக் கதிரைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ஆஸ்பத்திரியிலை டொக்டர் கேக்கேக்கை நீங்கள் பக்கத்திலை நிண்டனீங்கள்."

"ஓம்."

"நான் பிழையா ஏத்திப்போட்டன் எண்டு அழேக்கையும் நிண்டனீங்கள்."

"ஓம் அக்கா."

அவர் எழுந்துபோய்ப் போனை எடுத்து வந்தார். முகத்துக்குக் கிட்டப் பிடித்து, ஒற்றைக் கண்ணால் பெயரைத் தேடி அழுத்திவிட்டு என்னிடம் நீட்டினார். "மகளுக்குச் சொல்லுங்கோ. இப்ப எனக்குச் சொன்ன மாதிரியே சொல்லுங்கோ. சோடாவையும் விடாமல் சொல்லுங்கோ."

அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும். தூக்கக் குரலில் "அப்பாவோ?" என்று கேட்டாள். நான் யார் என்று சொன்னேன். பிறகு எல்லாவற்றையும் இன்னொரு முறை சொன்னேன். முதல் முறையைவிட அது கடினமாக இருந்தது, ஏனென்றால் தவமணி அக்கா எதிரில் நின்று, ஒரு சொல்லாவது குறைகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சொல்லி முடித்ததும் அவள் கேட்டாள், "அம்மா நிக்கிறாவோ? அம்மாட்டைக் குடுங்கோ."

போனைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து முற்றத்தில் நின்றேன். உள்ளே தவமணி அக்காவின் குரல், "ஓம் பிள்ளை… இல்லைப் பிள்ளை… ஓம்" என்று கேட்டது. பிறகு அழுகை. அது ஆஸ்பத்திரியில் கேட்ட அழுகை மாதிரி இல்லை. போகலாமா நிற்கலாமா என்று தெரியாமல் நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். படலை வரை என்னோடு நடந்தார்.

"மகள் வாறாளாம். என்ரை கண்ணுக்குத் தானே நிண்டு செய்விக்கப்போறாளாம்."

"நல்லது அக்கா."

"நீங்கள் இனி வர வேண்டாம்."

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன். சரி என்று மட்டும் சொன்னேன். படலைக்கு வெளியே வந்து செருப்பைச் சரிசெய்யக் குனிந்தபோது, வீட்டுக்குள்ளிருந்து பாலன் அண்ணையின் குரல் கேட்டது. மேடையில் கேட்ட அதே கனத்த குரல்.

"ஆரப்பா அது? உள்ளை வரச் சொல்லுமன்."

"ஒருத்தருமில்லை," என்று தவமணி அக்கா சொல்லிவிட்டுப் படலைக் கொக்கியைக் கொளுவினார்.